பெய்ட்காஸ்டிங் கோல் வாங்கும் முன்: எறியப்போகும் லூரின் எடையிலிருந்து தொடங்குவோம்

தூண்டில் கடைக்கு முதன்முறையாகச் சென்று பெய்ட்காஸ்டிங் கோல் வேண்டும் என்று கேட்பவரிடம், ‘என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள், எத்தனை கிலோ வரும்?’ என்றுதான் கடைக்காரர் பெரும்பாலும் கேட்பார். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. லூர் எனப்படும் செயற்கை இரையை எறிந்து மீன் பிடிப்பவரின் பொழுதில் பெரும்பகுதி எறிவதிலும் சுற்றி இழுப்பதிலும் கழிகிறது. மீனோடு மல்லுக்கட்டுவது சில நிமிடங்களுக்கு மட்டுமே. ஆகவே எத்தனை கிராம் எடையுள்ள லூரை எறியப் போகிறோம், அந்த லூரில் எப்படிப்பட்ட முள் இருக்கிறது என்னும் இரண்டையும் முதலில் தீர்மானித்துக்கொண்டால், கோலின் வலிமை, வளைவு, நீளம் ஆகியவற்றைப் பற்றிய முடிவுகள் அவற்றைத் தொடர்ந்து எளிதாக அமைந்துவிடும். கோலைப் பற்றி ஏதும் அறியாதவர் தாமே படித்துத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இந்த அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு மீன்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஒன்று, ஏரிகளிலும் கண்மாய்களிலும் ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் இடையே பதுங்கியிருக்கும் விரால். மற்றொன்று, பழவேற்காடு, பிச்சாவரம் போன்ற உப்பங்கழிப் பகுதிகளில் கிடைக்கும் கொடுவா. லூருக்குப் பாய்ந்து வரும் மீன்களில் தமிழ்நாட்டுத் தூண்டில்காரர்கள் அதிகம் தேடிச் செல்பவை இவை. ஆனால் சந்தையில் கிடைக்கும் பெய்ட்காஸ்டிங் கோல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிடிக்கப்படும் பெருவாய் பாஸ் மீனை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை என்பதால், அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை நம் மீனுக்கும் நம் நீர்நிலைக்கும் பொருத்திப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே அமரும் ரீலும் அதற்கான கோலும்

பெய்ட்காஸ்டிங் முறையில், தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் கோலின் மேற்புறத்தில் அமர்கிறது. எறியும்போது ரீலின் உருளையே சுழன்று நரம்பை வெளிவிடுகிறது. ஸ்பின்னிங் முறையில் ரீல் கோலுக்குக் கீழே தொங்குகிறது. உருளை சுழலாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக வெளியேறுகிறது. பற்சக்கரங்களால் உருளையின் வேகத்தைக் கூட்டும் ரீல்களை அமெரிக்காவில் செம்மையாகச் செய்யத் தொடங்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்டக்கி மாநிலத்தில் வாழ்ந்த கடிகாரத் தொழிலாளிகள். அவர்களுள் பாரிஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்னைடரின் பெயர் முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. இன்று கையடக்கமாகத் தாழ்ந்த வடிவத்தில் வரும் ரீல்களும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

இந்த வேறுபாட்டால் கோலின் அமைப்பும் மாறுகிறது. பெய்ட்காஸ்டிங் கோலில் வளையங்கள் மேல்நோக்கி நிற்கும். நரம்பு நேர்க்கோட்டில் வெளியேறுவதால் அவை சிறியவையாக இருந்தால் போதும். ஆனால் எண்ணிக்கையில் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். ரீல் அமரும் இடத்துக்கு அடியில், சுட்டுவிரலை மாட்டிக்கொள்ளத் துப்பாக்கி விசைபோல ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் வரிசையாக நிற்கும் கோல்களில் பெய்ட்காஸ்டிங் கோலை அடையாளம் காண அதைப் பார்த்தாலே போதும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஸ்பின்னிங் ரீலை இக்கோலில் மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சுருளாக வரும் நரம்பு முதல் வளையத்தின் சிறிய வாயில் மோதி வேகமிழக்கும். தொலைவும் கிடைக்காது, துல்லியமும் கிடைக்காது. இடக்கைக்காரர்கள் கோலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கோலுக்கு வலம் இடம் கிடையாது. ஆனால் பெய்ட்காஸ்டிங் ரீலின் கைப்பிடியை ஸ்பின்னிங் ரீலில் மாற்றுவதுபோலப் பக்கம் மாற்றி மாட்ட முடியாது; எந்தக் கையால் சுற்றுவோம் என்பதை ரீல் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பது

எந்தக் கோலாக இருந்தாலும் பிடிக்குச் சற்று மேலே, தண்டின் மீது சிறிய எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். ‘7 அடி 0 அங்குலம், எம்ஹெச், ஃபாஸ்ட், 12–20 எல்பி, 3/8–1 அவுன்ஸ்’ என்று அதில் இருப்பதாகக் கொள்வோம். முதலில் வருவது நீளம். அடுத்து வரும் எம்ஹெச் என்பது மீடியம் ஹெவி, அதாவது கோலின் வலிமை. ஃபாஸ்ட் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பதைக் குறிக்கும். எல்பி என்பது பவுண்டு. கோல் எவ்வளவு வலுவுள்ள நரம்புக்காகச் செய்யப்பட்டது என்பதை அது சொல்கிறது. 12–20 பவுண்டு என்றால் ஏறத்தாழ 5.5 முதல் 9 கிலோ வரை. கடைசியில் இருக்கும் அவுன்ஸ் கணக்குத்தான் எறியக்கூடிய லூரின் எடை.

ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்றே கூடுதல். அதன்படி 1/4 அவுன்ஸ் 7 கிராம், 3/8 அவுன்ஸ் 10.5 கிராம், 1/2 அவுன்ஸ் 14 கிராம், 3/4 அவுன்ஸ் 21 கிராம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டியிருக்காது. பல கோல்களில் கிராம் கணக்கையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். ஜப்பானியக் கோல்கள் சிலவற்றில் இவற்றையெல்லாம் ஒரே குறியீட்டில் அடக்கிவிடுவதும் உண்டு. ‘661எம்எஃப்பி’ என்று இருந்தால் 6 அடி 6 அங்குலம், ஒரே துண்டு, மீடியம் வலிமை, நுனிப்பக்க வளைவு, பெய்ட்காஸ்டிங் வகை என்று பிரித்துப் படிக்க வேண்டும். கடைசி எழுத்து ‘எஸ்’ ஆக இருந்தால் அது ஸ்பின்னிங் கோல். குறியீட்டு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், ஒன்றின் முறையைக் கொண்டு மற்றொன்றைப் படித்துவிடக் கூடாது.

இந்த வரியில் கிராம் கணக்கை மட்டுமே நான் முழுமையாக நம்புவேன். மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்னும் சொற்களுக்கு நிறுவனங்கள் எல்லாம் ஏற்றுக்கொண்ட பொது அளவுகோல் ஏதும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொன்றின் ஹெவியைவிட விறைப்பாக இருக்கலாம். இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்காவில் கோல் செய்யும் ஆர்வலர்கள், கோலின் நுனியில் நாணயங்களை எடையாகத் தொங்கவிட்டு, கோல் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ எத்தனை நாணயம் தேவைப்படுகிறது என்று எண்ணி வலிமையை ஒப்பிடும் முறையை உருவாக்கினார்கள். கடையில் அதற்கெல்லாம் வழியில்லை. அச்சிட்ட சொல் இரண்டாம்பட்சம் என்பதையும், லூர் எடையின் வரம்பே கோலின் உண்மையான வலிமைக்கு அருகில் நிற்கும் சான்று என்பதையும் அறிந்திருந்தால் போதும்.

எடை ஏன் முதலில் வருகிறது

கோலைப் பின்னுக்கு வீசி முன்னுக்குக் கொண்டுவரும்போது, நுனியில் தொங்கும் லூரின் எடை கோலை வளைக்கிறது. உண்டிவில்லின் ரப்பரை இழுத்துப் பிடிப்பதைப்போல அந்த வளைவில் விசை சேர்கிறது. கோல் நிமிரும் கணத்தில் அந்த விசை லூரை எறிகிறது. லூர் மிக இலேசாக இருந்தால் கோல் வளையவே வளையாது. விசை சேராத கோலைக் கொண்டு தொலைவு எட்ட, எறிபவர் தோளையும் மணிக்கட்டையும் வெடுக்கென்று உதறுகிறார். பெய்ட்காஸ்டிங்கில் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குவது இந்த உதறலில்தான்.

காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையைச் சுழற்றுவது பறந்து செல்லும் லூரின் இழுப்பு. வெடுக்கென்று உதறும்போது உருளை திடீரென உச்ச வேகத்தை எட்டிவிடுகிறது. இலேசான லூரோ காற்றின் தடையால் உடனே வேகம் குறைகிறது. லூர் இழுத்துச் செல்லும் நரம்பைவிட உருளை விடும் நரம்பு கூடுதலாகும்போது, மிகுந்த நரம்பு உருளைக்குள்ளேயே உப்பி மடிந்து சிக்காகிவிடுகிறது. பேக்லாஷ் என்று தூண்டில்காரர்கள் சொல்வது இதைத்தான். ரீலில் உள்ள காந்தத் தடையும் மையவிலக்குத் தடையும் ஓரளவு உதவும். உருளையைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டு நிறுத்தும் பழக்கம் மேலும் உதவும். ஆனால் லூரின் எடைக்குப் பொருந்தாத கோலைக் கையில் வைத்துக்கொண்டு ரீலை மட்டும் திருகிக்கொண்டிருப்பதால் பெரிய பயன் இருக்காது.

அச்சிட்டிருக்கும் வரம்பின் நடுப்பகுதியில்தான் கோல் நன்றாக வேலை செய்யும். 10–28 கிராம் என்று எழுதிய கோல் 10 கிராம் லூரை எறியும், ஆனால் சோம்பலாக எறியும். 28 கிராமில் நுனி தளர்ந்து தொங்குவதை எறிபவரே உணர்வார். 14 முதல் 21 கிராம் வரையில் அது இயல்பாகப் பாயும். மேல் வரம்பைத் தாண்டிய எடையை முழு வேகத்தில் வீசினால் கோல் முறியவும் கூடும். எனவே கடைக்குப் போகும் முன், கையில் இருக்கும் அல்லது வாங்க எண்ணியிருக்கும் லூர்களை ஒவ்வொன்றாகச் சிறிய மின்னணுத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்வது நல்லது. மென்ரப்பர் மீன்களைப் பயன்படுத்துபவர்கள், முள்ளோடு கூடிய எடைத் தலையான ஜிக் ஹெட்டின் எடையை மட்டும் கணக்கிட்டு ரப்பரின் எடையை மறந்துவிடுகிறார்கள். 10 கிராம் ஜிக் ஹெட்டில் 8 கிராம் ரப்பர் மீனை மாட்டினால் கோல் எறிய வேண்டியது 18 கிராம்.

விராலுக்குப் பயன்படும் உள்ளீடற்ற தவளை லூர்கள் பெரும்பாலும் 10 முதல் 15 கிராமுக்குள் வருகின்றன. கொடுவாவுக்கு எறியும், சிறு மீன் வடிவிலான மின்னோ வகை லூர்கள் ஏறத்தாழ 12 முதல் 25 கிராம் வரை இருக்கும். இரண்டையும் ஒரே கோலில் எறிய விரும்புபவருக்கு 7–21 அல்லது 10–28 கிராம் வரம்பு பொருந்தும். 5 கிராமுக்குக் குறைவான லூர்களே உங்கள் விருப்பம் என்றால், முதல் கோலாகப் பெய்ட்காஸ்டிங் வாங்காமல் ஸ்பின்னிங்கை வாங்குங்கள். மிக இலேசான உருளையுடன் அத்தகைய லூர்களையும் எறியும் பெய்ட் ஃபினெஸ் என்னும் தனிப் பிரிவு இருக்கிறது என்றாலும், அதன் ரீலும் கோலும் தொடங்குபவருக்கு ஏற்றவையல்ல என்பது என் கருத்து.

வலிமை வேறு, வளைவு வேறு

பவர், ஆக்‌ஷன் ஆகிய இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதைக் குறிக்கும். ஆக்‌ஷன் என்பது வளையும்போது கோலின் எந்தப் பகுதி வளைகிறது என்பதைக் குறிக்கும். ஃபாஸ்ட் என்றால் நுனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும், கீழ்ப்பகுதி விறைப்பாக நிற்கும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்டில் வளைவு இன்னும் நுனியோடு நின்றுவிடும். மாடரேட் என்றால் வளைவு கோலின் பாதிவரை இறங்கும். ஸ்லோ என்றால் ஏறக்குறைய பிடிவரை வரும். மிக வலிமையான கோல் மாடரேட்டாகவும், மிக மெல்லிய கோல் ஃபாஸ்டாகவும் இருக்கலாம். ஃபாஸ்ட் என்பதை ‘வலுவானது’ என்று பொருள்கொண்டு வாங்கிவிட்டு, கொடுவா நழுவி நழுவிப் போகிறதே என்று வருந்துபவர்கள் உண்டு.

முள்ளின் வகை கணக்கில் சேர்வது இங்கேதான். விராலுக்கு எறியும் தவளை லூரில் உடலோடு ஒட்டி, மேல்நோக்கி வளைந்த இரட்டை முள் இருக்கும். செடிகொடிகளில் மாட்டாமல் வழுக்கி வருவதற்காக முள்முனைகள் மென்மையான உடலின் மேல் படிந்து மறைந்திருக்கின்றன. முள்ளின் கம்பியும் தடிமனானது. மீன் கவ்வியபின் அந்த உடல் நசுங்கி, முனை வெளியே வந்து, எலும்பும் கடினமான தசையுமாக இருக்கும் விராலின் வாயில் இறங்க வேண்டும். அதற்குக் கோலை ஓங்கி இழுக்க வேண்டும். அந்த இழுப்பு நுனியின் வளைவிலேயே கரைந்துவிடாமல் முள்வரை சென்று சேர வேண்டும். முள் இறங்கியதும் வேலை முடிவதில்லை. விரால் நேராகத் தண்டுக்கூட்டத்துக்குள் தலையைச் செலுத்தும். அடுத்த சில வினாடிகளுக்குள் அதன் தலையை மேலே திருப்பாவிட்டால், மீனோடு சேர்த்து அதன் எடையைப்போலப் பல மடங்கு ஆகாயத்தாமரையையும் இழுக்க நேரும். இந்த வேலைக்குக் கீழ்ப்பகுதி விறைப்பான, மீடியம் ஹெவி அல்லது ஹெவி வலிமையுள்ள ஃபாஸ்ட் கோல் தேவைப்படுகிறது.

அதே கோலில் மூன்று முனைகள் கொண்ட ட்ரெபிள் முட்கள் தொங்கும் மின்னோவை மாட்டிக் கொடுவாவுக்கு எறியும்போது நிலைமை மாறுகிறது. ட்ரெபிள் முள்ளின் கம்பி மெல்லியது, முனை கூர்மையானது. வாயை அகலத் திறந்து இரையை உறிஞ்சும் கொடுவாவின் வாயில் அது சிறிய இழுப்பிலேயே பதிந்துவிடும். சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது. முள் பட்ட கொடுவா நீர்மட்டத்துக்கு மேலே எழும்பித் தலையைப் பலமாக உதறும். விறைப்பான கோல் அந்த உதறலுக்கு இடம்கொடுக்காததால் முள் பதிந்த துளை கிழிந்து அகலும், அல்லது முள்ளே நிமிர்ந்துவிடும். வளைவு சற்று ஆழமாக இறங்கும் மாடரேட் ஃபாஸ்ட் கோல், மீன் உதறும்போது தானும் இறங்கி, மீன் திரும்பும்போது நிமிர்ந்து, நரம்பு ஒருபோதும் தளராமல் பார்த்துக்கொள்ளும். எறிதலைப் பொறுத்தவரையிலும் இவ்வகை வளைவு தொடங்குபவருக்கு உதவியாக இருக்கும். நுனி மட்டும் வளையும் கோலில் நரம்பை விட வேண்டிய கணம் மிகக் குறுகியது. வளைவு ஆழமாக இருந்தால் அக்கணம் சற்று நீண்டு, எறிதல் நிதானமாகி, பேக்லாஷும் குறையும்.

ஆகவே விரால் மட்டுமே இலக்கு என்பவர் ஃபாஸ்டையும், இரண்டையும் ஒரே கோலில் முயல்பவர் மீடியம் ஹெவி மாடரேட் ஃபாஸ்டையும் எடுக்கலாம். இரண்டாமவர் அடர்ந்த தாமரைக் குளத்தில் சில விரால்களை இழப்பார் என்பது உண்மைதான். கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த இழப்பு தாங்கக்கூடியதே.

நரம்பின் வலுவைப் பற்றி ஒரு வார்த்தை. விராலுக்கு 40 முதல் 65 பவுண்டு வலுவுள்ள பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, கட்டுவது வழக்கமாக இருக்க, கோலில் 12–20 பவுண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். கோலில் உள்ள எண் பெரும்பாலும் நைலான் நரம்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அதே தடிமனில் பிரெய்டு பல மடங்கு வலுவானது. செடிகளை அறுத்துக்கொண்டு வருவதற்காகவும் அது தேவைப்படுகிறது. வலுவான பிரெய்டைக் கட்டலாம். ஆனால் மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் தடையான ரீலின் டிராகை, நரம்பின் வலுவுக்கு ஏற்ப இறுக்காமல், கோலின் மேல் எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 20 பவுண்டு கோலில் ஏறத்தாழ 3 கிலோ இழுப்புக்கு, அமைக்க வேண்டும். டிராகை முழுவதும் பூட்டிவிட்டு 65 பவுண்டு பிரெய்டில் மரவேரை இழுத்தால் முதலில் முறிவது கோலாகத்தான் இருக்கும்.

நீளமும் பிடியும்

நீண்ட கோல் தொலைவாக எறியும், முள் பதிக்கும்போது தளர்ந்த நரம்பை விரைவாக இழுத்தெடுக்கும். குட்டையான கோல் துல்லியமாக எறியும், கைக்கு இலேசாக இருக்கும். பெய்ட்காஸ்டிங் கோல்கள் பெரும்பாலும் 6 முதல் 7.5 அடி வரை வருகின்றன. படகிலிருந்தோ திறந்த முகத்துவாரக் கரையிலிருந்தோ எறிபவருக்கு 7 அடி நன்று. நம் கண்மாய்க் கரைகளில் நிலைமை வேறு. தலைக்கு மேலே சீமைக் கருவேலக் கிளைகள் கவிந்திருக்கும், முதுகுக்குப் பின்னால் புதர் இருக்கும். அங்கே 7 அடிக் கோலைப் பின்னுக்கு வீசவே இடமிருக்காது என்பதால் 6 அடி 6 அங்குலமே பல சமயம் அதிகத் தொலைவைக் கொடுக்கும். தவளை, பாப்பர் போன்ற மேல்மட்ட லூர்களை நுனியைக் கீழே தாழ்த்தி வெட்டி வெட்டி இழுக்க வேண்டியிருப்பதால், உயரம் குறைந்தவர்கள் நீண்ட கோலில் நுனி நீரைத் தொடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கைப்பிடியின் பின்பகுதி முழங்கையைச் சற்றே தாண்டி நிற்பது பொதுவாக வசதியானது. அதைவிட நீண்டால் வெட்டி இழுக்கும்போது இடுப்பிலும் சட்டையிலும் இடிக்கும். குறைந்தால் இரு கைகளால் எறியவும், பெரிய மீனை எதிர்க்கும்போது முன்கையில் ஊன்றிக்கொள்ளவும் முடியாது. கார்க் பிடியா, ஈவிஏ என்னும் நுரைப்பொருள் பிடியா என்பது விருப்பத்தைப் பொறுத்தது. சேற்றுக் கையோடு புழங்குபவர்களுக்கு ஈவிஏ துடைக்க எளிது, அவ்வளவுதான்.

ஒரே துண்டா, இரண்டு துண்டா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாகனம்தான். 7 அடி என்பது 213 சென்டிமீட்டர். பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் அதை முறிக்காமல் கொண்டுபோவது ஒரு தனிக் கலை. இன்றைய நல்ல இரண்டு துண்டுக் கோல்கள் எறிதலில் ஒரே துண்டுக் கோலிலிருந்து தொடங்குபவர் உணரத்தக்க அளவுக்கு வேறுபடுவதில்லை. பிடி மட்டும் தனியே கழன்று வரும் வகையும் உண்டு. நீண்ட மேல்துண்டுக்கு இடமிருந்தால் அதுவும் நல்ல தேர்வு. ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் டெலஸ்கோப்பிக் கோல்களை லூர் வீச்சுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓயாமல் எறியும்போது அவற்றின் மூட்டுகளும் வளையங்களும் திரும்பிக்கொண்டே இருக்கும்.

தண்டும் வளையமும்

தண்டு கார்பனாலோ, கண்ணாடி இழையாலோ, இரண்டின் கலவையாலோ செய்யப்படுகிறது. கார்பன் இலேசானது, விறைப்பானது, லூர் நீருக்குள் எதையாவது தொட்டால் கைக்கு உடனே தெரிவிப்பது. கண்ணாடி இழை கனமானது, மெதுவாக வளைந்து மெதுவாக நிமிர்வது, அடி தாங்குவது. கார்பன் கோல்களின் மேல் 24 டன், 30 டன், 40 டன் என்று எழுதியிருப்பது இழையின் விறைப்பைக் குறிக்கும் எண். கோல் அத்தனை எடையைத் தூக்கும் என்று அதற்குப் பொருளில்லை. எண் கூடினால் அதே விறைப்பைக் குறைந்த இழையில் பெறலாம் என்பதால் கோல் இலேசாகும். ஆனால் சுவர் மெலிந்து, கல்லிலும் படகின் விளிம்பிலும் பட்டால் எளிதில் விரிசல் விடும். முதல் கோல் பலமுறை கீழே விழும் என்பதை ஏற்றுக்கொண்டு, 24 அல்லது 30 டன்னோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஐஎம்6, ஐஎம்7 போன்ற குறிகளைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை முதலில் ஒரு நிறுவனத்தின் இழைகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள், இன்று பலரும் தத்தம் விருப்பப்படி அச்சிடுகிறார்கள். மற்றோர் எச்சரிக்கை: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வயல்வெளிக் குளங்களின் மேல் தாழ்வாகச் செல்லும் மின்கம்பிகளுக்கு அருகிலும், இடி இடிக்கும்போதும் கோலை உயர்த்தக் கூடாது.

வளையங்களின் உட்புறத்தில் பீங்கான் போன்ற கடினமான பூச்சுவளையம் பதித்திருக்க வேண்டும். வெறும் உலோக வளையத்தைப் பிரெய்டு நாளடைவில் அறுத்துப் பள்ளமாக்கிவிடும். அலுமினியம் ஆக்ஸைடு வளையங்கள் தொடங்குபவருக்குப் போதுமானவை. சிலிக்கான் கார்பைடு இன்னும் கடினமானது, வழுவழுப்பானது, விலை கூடியது. மைக்ரோ வளையங்கள் என்று மிகச் சிறியவற்றைப் பதித்த கோல்கள் பார்க்க அழகாக இருந்தாலும், கொடுவாவின் செவுள்மூடியின் கூரிய விளிம்புக்குப் பயந்து, நரம்பின் முனையில் லீடர் என்னும் தடித்த நரம்புத் துண்டை முடிச்சிட்டுக் கட்டுபவர்களுக்கு ஏற்றவையல்ல; ஒவ்வொரு எறிதலிலும் முடிச்சு வளையத்தில் இடித்துக்கொண்டே வெளியேறும். உப்புநீரில் பயன்படுத்திய கோலை அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால், ஸ்டெயின்லெஸ் சட்டங்கள்கூட நாளடைவில் துருப்பிடிக்கும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

முதலில் கோலைக் கண்மட்டத்தில் பிடித்து, பிடியிலிருந்து நுனிவரை வளையங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். சிறிது பஞ்சைத் திரித்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் சுற்றித் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கி நிற்கும். இரண்டு துண்டுக் கோலானால் மூட்டைப் பொருத்தி இலேசாக ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்ற சத்தமோ அசைவோ இருக்கக் கூடாது. 

அடுத்து, முடிந்தால் உங்கள் ரீலையே மாட்டி, நரம்பை வளையங்கள் வழியாகக் கோத்து, நண்பரிடம் அதன் முனையைப் பிடிக்கச் சொல்லிக் கோலை நிதானமாக வளையுங்கள். வளையங்கள் மேற்புறத்தில் இருப்பதால், அவற்றின் எண்ணிக்கை போதாத கோலில் இரண்டு வளையங்களுக்கு இடையே நரம்பு இறங்கித் தண்டைத் தொடும். தொட்டால் அந்தக் கோல் வேண்டாம். 7 அடிக் கோலில் நுனி வளையத்தையும் சேர்த்துப் பெரும்பாலும் 8 முதல் 10 வளையங்கள் இருக்கும். இதே சோதனையில் வளைவு எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்த்துவிடலாம். அச்சிட்ட சொல்லைவிட அது உண்மையானது. நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்ப்பதும், கோலை நேர்க்குத்தாக நிறுத்தி நரம்பைக் கீழ்நோக்கி இழுப்பதும் வேண்டாம். அவ்வாறு செய்தால் முழு விசையும் மெல்லிய நுனியில் மட்டும் விழுந்து நல்ல கோலும் முறிந்துவிடும். கரையில் மீனைத் தூக்கும்போது நிகழும் முறிவுகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

கடைசியாக, ரீல் மாட்டிய கோலை ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலின் மேல் தாங்கிப் பாருங்கள். ஏறத்தாழச் சமமாக நின்றால் நல்லது. நுனி கீழே சாய்ந்தால், நாள் முழுவதும் அந்தச் சாய்வை மணிக்கட்டுதான் தாங்க வேண்டியிருக்கும். கோலை மட்டும் தனியே தூக்கிப் பார்த்து இலேசானது என்று மகிழ்வதைவிட இச்சோதனை பயனுள்ளது.

எல்லாவற்றையும் படித்தபின்பும் தயங்குபவர், 6 அடி 6 அங்குலம் முதல் 7 அடிக்குள், மீடியம் ஹெவி, மாடரேட் ஃபாஸ்ட், லூர் எடை 7–21 அல்லது 10–28 கிராம், 24 அல்லது 30 டன் கார்பன், இரண்டு துண்டு என்று கேட்டு வாங்கலாம். மாடரேட் ஃபாஸ்ட் கிடைக்காவிட்டால் ஃபாஸ்டை எடுங்கள். எக்ஸ்ட்ரா ஃபாஸ்டை மட்டும் தவிருங்கள். வாங்கியதும் முள் கழற்றிய 15 கிராம் லூர் ஒன்றைக் கட்டி, திறந்த மைதானத்தில் எறிந்து பழகுங்கள். இரண்டாவது கோல் வேண்டும் என்று தோன்றும்போது, முதல் கோலால் எதைச் செய்ய முடியவில்லையோ அதற்கேற்ப வாங்குங்கள்: தாமரைக் குளத்தில் விரால் கைநழுவிக்கொண்டே இருந்தால் ஹெவி ஃபாஸ்ட், ட்ரெபிள் முள்ளிலிருந்து கொடுவா உதறிக்கொண்டு போனால் கண்ணாடி இழை கலந்த மாடரேட், 5 கிராம் லூர்களின் மேல் ஆசை வந்தால் ஒரு ஸ்பின்னிங் கோல்.